கேன்டீன்காரி வீட்டுக்காரரின் வயிறு

ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. தினமும் நூற்றுக்கணக்கான பேர் அவள் ஆக்கியதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறார்கள். உப்பு அதிகம், காரம் குறைவு என்று ஒரு புகார் வந்தது கிடையாது. அப்படியே வந்தாலும், கரண்டியும் கையுமாக அவள் பரிமாறும் சன்னலுக்கு வந்து, "என்ன குறைன்னு சொல்லுங்க, கேட்கிறேன்" என்று நிற்கிற தோரணையைப் பார்த்தால் மேலாளர்கூடத் தட்டை வழித்துவிட்டுப் போய்விடுவார். எல்லோருக்கும் அவள் கேன்டீன்காரி. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. செய்கிற தொழிலைத்தானே சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால்தான் மானம் போகும். அங்கே ஒரே ஒரு மனிதருக்கு வயிறாரச் சோறு போட அவளுக்கு வக்கில்லை. வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். ஓர் ஓரத்தில் விரலால் கோடு போட்ட மாதிரி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஒரு மனிதர் அவள் வீட்டுக்காரர். கட்டடம் கட்டுகிற இடங்களில் உயரமாக நிற்குமே கோபுரக் கிரேன், அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கும். அதற்குள் உட்கார்ந்து இரும்புக் கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் தூக்கி, ஒரு முட்டையை வைப்பது போல இறக்கி வைப்பார். நல்ல வேலைக்காரர். அதிகம் பேசாத மனிதர். கேன்டீன்காரி பத்து வார்த்தை பேசினால் அவர் பதிலுக்கு 'ம்' என்பார். அந்த 'ம்' ஆமாமா இல்லையா என்று இத்தனை வருஷத்தில் அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"நான் சொன்னா யார் கேட்கிறா இந்த வீட்டில!" என்பது அவள் அன்றாடம் சொல்கிற வாசகம். அதில் பொய்யும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்றுங்கள் என்று எவ்வளவு காலமாகச் சொல்கிறாள். கிழிந்த பனியனைத் தூக்கிப் போடுங்கள் என்றாள். உங்க அக்காவிடம் குடும்ப விஷயத்தையெல்லாம் ஒப்பிக்காதீர்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரே 'ம்'. குழாய் சொட்டியது, பனியன் மேலும் கிழிந்தது, அக்காவுக்குச் சகல விஷயமும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

அவருக்கு வயிறு கெட்டது ஒரு மழைக்காலத்தில். முதலில் சாதாரணப் பேதி என்று நினைத்தார்கள். பிறகு ரத்தம் போனது. மூலம்தான் என்று அவரே முடிவு செய்து கொஞ்ச நாள் மறைத்து வைத்திருந்தார். நாளுக்கு எத்தனை தடவை என்று எண்ண முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண்.

"இது குடல் அழற்சி" என்றார் டாக்டர். "தொத்து வியாதி இல்லை. காரத்தால வந்ததில்லை. யாரோட குத்தமும் இல்லை. உடம்பே தன் குடலைத் தாக்குது. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம். காலையிலயும் ராத்திரியும் மாத்திரை. நல்லா இருக்கற நாள்லயும் விடக் கூடாது, புரியுதா?"

"ம்" என்றார் கிரேன்காரர்.

மருந்துக் கடையில் உறையின் மேல் எழுதிக் கொடுத்தவன், "சாப்பிட்டப்புறம் போடுங்க" என்றான். படியிறங்கும்போது கேன்டீன்காரி தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். அவளுக்கென்ன, வாய் சும்மா இருக்குமா? தெருவைக் கடக்கும்போதே பேசிக்கொண்டுதான் கடப்பாள். அன்றைக்கும் மருந்து, குடை, ஆட்டோக்காரர் என்று ஏதேதோ பேசினாள். என்ன பேசினாள் என்று வீடு வருவதற்குள் அவளுக்கே மறந்துவிட்டது.

மருந்து வேலை செய்தது. ரத்தம் நின்றது, முகத்தில் களை வந்தது. அத்தோடு விட்டிருந்தால் தேவலை. அவருடைய அக்கா விடவில்லையே!

கேன்டீன்காரி அண்ணி என்று கூப்பிடுகிற அந்த அக்கா தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். இப்போது காய்கறிகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். கத்திரிக்காயா, சூடு. உருளைக்கிழங்கா, வாயு. வெள்ளரிக்காயா, குளிர்ச்சி. உலகத்தில் விளைகிற எந்தப் பொருளும் அவள் கையில் முத்திரை வாங்காமல் தப்பியதில்லை. தம்பிக்கு வயிறு லேசாகப் புரண்டால் போதும், தொலைபேசியில் விசாரணைக் கமிஷன் ஆரம்பமாகிவிடும்.

"நேத்து என்ன சாப்பிட்டான்?"

"சோறு, பருப்பு, கீரை."

"கீரையா? சரியாப் போச்சு. புண்ணுல போய்க் கீரை ஒட்டிக்குமே! இனிமே இந்த வீட்டுல கீரை வரக் கூடாது, சொல்லிட்டேன்."

"அண்ணி, டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலையே. ஒத்துக்காததை மட்டும் குறைச்சுக்கங்கன்னுதானே சொன்னார்."

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவரா அவனைத் தூக்கி வளர்த்தார்?"

கீரை போனது. அடுத்த தடவை வயிறு புரண்டபோது முந்தின நாள் பால் குடித்திருந்தார். பால் போனது. அதற்கடுத்து முட்டை. அதற்கடுத்து கோதுமை, வேர்க்கடலை, தக்காளி, மிளகாய். முந்தின நாள் என்ன சாப்பிட்டாரோ அதுதான் குற்றவாளி. சாட்சி வேண்டாம், வாதம் வேண்டாம், ஆயுள் தண்டனை. ஒருமுறை வெறும் கஞ்சி மட்டும் குடித்த மறுநாள் ரத்தம் போயிற்று. அண்ணி யோசித்தாள். கேன்டீன்காரி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, இப்போது என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். "கஞ்சியில உப்பு போட்டியா?" என்றாள் அண்ணி.

இது போதாதென்று ஆளாளுக்கு வைத்தியம். பக்கத்து வீட்டுக்காரர் பச்சை முட்டைக்கோஸ் சாறு என்றார். கேன்டீன்காரியின் சொந்த அண்ணன், இத்தனைக்கும் லாரி டயர் வியாபாரி, "மச்சானுக்கு அசைவமே ஆகாது, நான் அப்பவே சொன்னேன்" என்றான். அவன் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை. கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவள்கூட, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து மறுபடி கொதிக்க வைக்க வேண்டும் என்றாள். "வயிறு என்ன சத்திரமா, போறவங்க வர்றவங்க எல்லாம் படுத்து எழுந்திருக்க!" என்று கேன்டீன்காரி கத்தினாள். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற மகளுக்கும். இன்னொன்றில் அவருக்கு, நிறமும் மணமும் இல்லாத ஏதோ ஒன்று. "அம்மா, அப்பா சாப்பிடறதைப் பார்த்தா எனக்கே பசி போயிடுது" என்று மகள் சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று. கல்யாண வீடுகளுக்குப் போனாலும் அவர் பந்தியில் உட்கார மாட்டார். வாசலில் செருப்புகளுக்குக் காவல் மாதிரி நின்றுகொண்டிருப்பார். யாராவது கேட்டால், "சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்பார். அதுவும் பொய்.

கொடுமைக்குக் கொடுமையாக அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். கிரேன் கூண்டில் கழிப்பறை கிடையாது. அவசரமென்றால் அத்தனை ஏணிகளையும் இறங்கி, மணலும் ஜல்லியும் கிடக்கிற முற்றத்தைத் தாண்டி, தகரக் கொட்டகை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அதுவரைக்கும் வயிறு பொறுக்குமா? ஒருமுறை பொறுக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து தன் கால்சட்டையைத் தானே துவைத்துப் போட்டார். கொடியில் தொங்கிய அதைப் பார்த்துத்தான் கேன்டீன்காரி புரிந்துகொண்டாள். அன்றைக்கு மட்டும் அவளும் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து அவர் வேலைநாளில் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மதியமும் இல்லை. உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்பது அவர் கணக்கு. சாயங்காலம் இறங்கி வந்த பிறகுதான் வாயில் ஏதாவது படும். உடம்பு மோசமான நாளில் அதுவும் கிடையாது.

"என்னங்க, பட்டினி கிடந்தா குடல் ஆறிடுமா? ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க!"

"ம்."

"டப்பாவில கட்டித் தர்றேன். மேலே உட்கார்ந்து மெதுவாச் சாப்பிடுங்க. உங்களுக்குன்னு தனியாத்தான் பண்ணியிருக்கேன்."

"ம்."

டப்பா போனது. காலியாகத் திரும்பி வந்தது. தன் கண்ணையே நம்ப முடியவில்லை கேன்டீன்காரிக்கு. அடடா, மனிதர் வழிக்கு வந்துவிட்டார் என்று பூரித்துப் போனாள். தினம் இன்னும் கொஞ்சம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். டப்பா தினமும் காலி. ஆனால் ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். இடுப்பு வாரில் புதிதாக ஓட்டை போட்டுப் போட்டு, வாரே சல்லடையாகிவிட்டது.

ஒருநாள் கட்டட இடத்து வாசலில், கீழே நின்று கையசைத்து கிரேனுக்குச் சைகை காட்டுகிற ஆளைப் பார்த்தாள். நல்ல கொழுகொழுவென்று இருந்தார்.

"அக்கா, நீங்கதானே அவரோட வீட்டுக்காரம்மா? கையெடுத்துக் கும்பிடணும்கா. உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டதிலிருந்து எனக்கு நெஞ்செரிச்சலே இல்லை!"

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டது. சண்டை என்றால் ஒருவர்தான் போட்டார். "என் உழைப்பு உங்களுக்கு இளப்பமாப் போச்சா? கண்டவன் கொழுக்கவா நான் அடுப்புல வேகறேன்? உங்க உடம்பைப் பாருங்க, கொடியில போட்ட துணி மாதிரி இருக்கீங்க! எனக்குப் பயமா இருக்குங்க, தெரியுதா உங்களுக்கு? பயமா இருக்கு!" கிரேன்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். வீணாக்காமல் ஒருவருக்குக் கொடுத்ததில் என்ன தப்பு என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அந்த வாரமே அவர் ஏணியின் அடியில் மயங்கி விழுந்தார். ஏறுவதற்கு முன்னால் விழுந்தார், நல்லவேளை. அதே சைகைக்காரர்தான் தோளில் போட்டுக்கொண்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

ரத்தம் ஏற்றினார்கள். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரைய ஒழுங்காப் போடறீங்கதானே?"

"ஒழுங்காப் போடறேன் சார்."

"அப்போ இந்த மருந்து உங்களுக்குக் கேட்கலை. அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாச்சு. புண் ரொம்ப மோசமா இருக்கு. பெருங்குடலையே எடுத்துடலாம்னு நினைக்கிறேன். வயித்துல ஒரு வழி வச்சு, பை மாட்டுவோம். மலம் அந்தப் பையில வரும். பழகிட்டா ஒண்ணும் தெரியாது. நிறையப் பேர் பை வச்சுக்கிட்டு எல்லா வேலையும் செய்யறாங்க."

கிரேன்காரர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். தூரத்தில் எங்கோ ஒரு கிரேன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "பையோட என்னை மேலே ஏத்த மாட்டாங்க சார்" என்றார். அவருடைய கணக்கில் அது நீண்ட பேச்சு.

கேன்டீன்காரிக்கு அவர் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன. இந்த எலும்புக்கூட்டைக் கத்தியால் கிழித்தால் எழுந்து வருமா என்பதுதான் அவள் கவலை. டாக்டருக்கும் அதே கவலை இருந்தது போலிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைத் தேற்ற வேண்டும், ஒருநாள் கூட வீணாக்காமல் உணவு ஆலோசகரைப் பாருங்கள் என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்.

உணவு ஆலோசகர் ஒரு நடுத்தர வயது அம்மாள். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்துபோயிருந்தது. மேசையில் பிளாஸ்டிக் பழங்கள் ஒரு கூடையில் இருந்தன. அந்தப் பழங்களில் எதெது தன் வீட்டில் தடை செய்யப்பட்டது என்று கேன்டீன்காரி பார்த்தாள். எல்லாமே.

"காலையில எழுந்ததும் என்ன சாப்பிடுவீங்க?" என்று அந்த அம்மாள் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் கிரேன்காரர்.

"டீ? காபி?"

"பால் ஆகாது. அக்கா நிறுத்திட்டாங்க."

"அக்கா டாக்டரா?"

"தபால் ஆபீஸ்" என்றாள் கேன்டீன்காரி, பல்லைக் கடித்தபடி.

"சரி. மதியம்?"

"மேலே இருப்பேங்க."

"எங்க இருப்பீங்கன்னு கேட்கலை. என்ன சாப்பிடுவீங்க?"

"அதான் சொன்னேனே. மேலே இருப்பேன்."

அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேன்டீன்காரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு உயிர் வந்தது. இத்தனை காலத்தில் இந்த மனிதரோடு பேசி எரிச்சலடைய இன்னொரு ஆள் கிடைத்தாரே!

"சாயங்காலமாவது உண்டா?"

"உண்டு. சோறோ கஞ்சியோ. வயிறு மோசமா இருந்தா அன்னைக்கு ஒண்ணும் கிடையாது. காயப்போட்டுடுவேன்."

"கிழிஞ்சுது போங்க. மாத்திரை காலையில எத்தனை மணிக்குப் போடறீங்க?"

"காலையிலதான் சாப்பிடறதே இல்லையே."

"சாப்பாடு இல்லை, சரி. மாத்திரை?"

"அதைத்தாங்க சொல்றேன்." புரியாத பிள்ளைக்கு விளக்குவது போல அவர் பொறுமையாகச் சொன்னார். "சாப்பாடு இல்லாம மாத்திரை எப்படிப் போடறது?"

அம்மாள் கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டு, மூக்கு ஒழுகுவதையும் மறந்து அவரையே பார்த்தார்.

"அப்போ காலை மாத்திரை எல்லாம் என்ன ஆச்சு?"

கிரேன்காரர் எப்போதும் தோளில் மாட்டியிருக்கும் பையைத் திறந்தார். வியாதி விஷயம் வேலையிடத்தில் தெரியக் கூடாது என்று மருந்தை அந்தப் பைக்குள்தான் வைத்திருப்பார். மாதாமாதம் மருந்துக் கடைக்குப் போவதும் அவர்தான். கையுறைக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் அடியிலிருந்து அட்டை அட்டையாக மாத்திரைகளை எடுத்து வைத்தார். ஒன்றையும் வீணாக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டு அழகாகக் கட்டி வைத்திருந்தார். மேசை நிறைந்து, பிளாஸ்டிக் பழக்கூடையை நகர்த்த வேண்டியதாயிற்று.

அம்மாள் போனில் கூப்பிட்டதும் டாக்டர் கீழே ஓடி வந்தார். மேசையைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றுவதா மாட்டுவதா என்றே தெரியவில்லை. "ஒவ்வொரு தடவையும் கேட்டேனே அய்யா! ஒழுங்காப் போடறேன்னு சொன்னீங்களே!"

"ஒழுங்காத்தான் சார் போட்டேன். சாப்பிட்ட வேளையில ஒரு தடவைகூட விட்டதில்லை."

"மருந்து கேட்கலை, கேட்கலைன்னு நான் அளவைக் கூட்டிக்கிட்டே போறேன். வயிறு மோசமாகுதுன்னு நீங்க சாப்பாட்டை நிறுத்தறீங்க. சாப்பாட்டை நிறுத்தினதும் மருந்தையும் நிறுத்தறீங்க. மருந்தை நிறுத்தினா வயிறு மோசமாகாம என்ன ஆகும்? கீரை என்ன பண்ணும், கத்திரிக்காய் என்ன பண்ணும்?" தலையைப் பிடித்துக்கொண்டார். "சரி. இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை. முதல்ல ஊசியில மருந்து கொடுத்து அடக்குவோம். அப்புறம் மாத்திரை. சாப்பிட்டாலும் போடணும், சாப்பிடாட்டியும் போடணும். வீடு இடிஞ்சு விழுந்தாலும் போடணும். அதுக்கும் கேட்கலைன்னா அப்போ கத்தியைப் பத்திப் பேசலாம்."

அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. அதில் அவரை உட்கார வைத்ததுதான் தாமதம், கேன்டீன்காரி வெடித்தாள். இத்தனை வருஷ எரிச்சலும் அவளுக்கு அந்த நிமிஷம் ஒன்றாகப் பொங்கி வந்தது. முத்திரை குத்தின அண்ணி, முட்டைக்கோஸ் சாறு, டயர் வியாபாரி, இரண்டு அடுப்பு, காலி டப்பா எல்லாம் அதில் இருந்தன.

"வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதுன்னு எந்த மேதாவி உங்களுக்குச் சொன்னது? உங்க அக்காவா? அவங்களாத்தான் இருக்கும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். போனைக் கொடுங்க!"

"அக்கா இல்லை."

"பின்னே யாரு? என் அண்ணனா? அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"அவரும் இல்லை."

"சொல்லுங்களேங்க! யாரு?"

கிரேன்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பயமோ குத்தலோ அந்தப் பார்வையில் இல்லை.

"நீதான்."

"நானா?"

"முதல் நாள். மருந்துக் கடைப் படியில. வெறும் வயித்துல மட்டும் போட்டுடாதீங்க, குடல் வெந்து போயிடும், எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சுன்னு சொன்னே."

அவளுக்கு நினைவு வந்தது. படி, குடை, மழை, ஆட்டோ. அவள் அப்பா மூட்டுவலிக்கு ஏதோ மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு நெஞ்செரிந்து துடித்தது. ஆட்டோவை நிறுத்தக் கையை நீட்டிக்கொண்டே போகிற போக்கில் சொன்னது. வேறு வலி, வேறு மாத்திரை, வேறு மனிதர். சொன்னாள்தான். அதற்கப்புறம் இந்த மனிதரிடம் ஆயிரம் தடவை 'சாப்பிடுங்க' என்று கத்தியிருக்கிறாள். மாத்திரை போட்டீர்களா என்று எத்தனை தடவை கேட்டாள்? கேட்டதாகவே நினைவில்லை. சோறு, சோறு என்றே அலைந்திருக்கிறாள்.

"நீ என்ன சொன்னாலும் நான் கேட்கிறதில்லைன்னு சொல்லிட்டே இருப்பியே" என்றார் அவர். "இந்த ஒண்ணையாவது விடாமக் கேட்கணும்னு நினைச்சேன்."

கேன்டீன்காரி பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு ஒருவரும் மிச்சமில்லை. வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, அந்த நடைபாதையில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள். கிரேன்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினார்.

அண்ணியின் தொலைபேசி அப்போதுதான் வந்தது. "என்ன சொன்னாங்க? எனக்கென்னவோ வெங்காயம்தான்னு தோணுது."

"வெங்காயம் இல்லை அண்ணி" என்றாள் கேன்டீன்காரி. "நான்தான்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வெங்காயத்தின் மேல் பழி போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அத்தனை காய்கறிகளும் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தது போதும் என்று நினைத்தாள்.

"கீரை நல்லதுதாம்மா, என்ன" என்றாள் அண்ணி, மிகச் சின்னக் குரலில். "அவனுக்குச் சின்ன வயசுல ரொம்பப் பிடிக்கும்."

ஆபரேஷன் நடக்கவில்லை. ரத்தம் நிற்கப் பல வாரம் ஆனது. உடம்பு தேற இன்னும் அதிகம். இடையில் ஒருமுறை வியாதி பயமுறுத்தி, மறுபடி அடங்கியது. வயிறு புரள்கிற நாளில் கஞ்சி, மற்ற நாளில் எல்லோருக்கும் ஆக்குகிற சோறு. பச்சை மிளகாய் மட்டும் நிஜமாகவே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதை மட்டும் விட்டார்கள். காலையில் கொஞ்சமாகவாவது சாப்பிட்டு, மாத்திரையைக் கேன்டீன்காரியின் கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். மேஸ்திரியிடம் வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டார். தகரக் கொட்டகைக் கழிப்பறை இப்போது ஏணியின் அடிக்கே வந்துவிட்டது. சைகைக்காரர்தான் பாவம், கொஞ்சம் இளைத்துவிட்டார்.

ஆனால் கேன்டீன்காரிக்கு வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. வீட்டில் வாயைத் திறக்கப் பயம். "தண்ணி நிறையக் குடிங்க" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, மனிதர் குடம் குடமாகக் குடித்து வைத்தால் என்ன செய்வது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பாள். "வெயில்ல போகாதீங்க" என்றுகூடச் சொல்வதில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே இத்தனை வருஷம் பேசியிருக்கிறாள்! கேட்பார் என்று தெரிந்திருந்தால் அந்தப் படியில் நின்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டாளா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து கீரையும் பருப்பும் சோறும் சாப்பிட்டு முடித்தார்கள். கிரேன்காரர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தவரைப் பார்த்து அவளுக்குத் தன்னையறியாமல் வந்துவிட்டது.

"சும்மாப் படுத்துக் கிடக்கறதுக்கு அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் மாத்தலாம் இல்லையா?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுந்து போய் எதையாவது பிடுங்கி வைக்கப் போகிறாரோ என்று பார்த்தாள்.

"ம்" என்றார் அவர். மறுபக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கேன்டீன்காரி கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அப்பாடா என்றிருந்தது.